குசினிக்குள்ள கான் நாத்தம், டைல்ஸ் உடைக்கத்தான் வேணுமா?

உப்புவெளி மருமகள்
சனி, பகல் 11.20

வணக்கம் எல்லாருக்கும். கேக்கவே வெக்கமாக் கிடக்கு, ஆனா மூண்டு கிழமையா தாங்க ஏலாமப் போச்சு. எங்கட வீடு திருகோணமலை உப்புவெளியில, கடலுக்கு ஐஞ்சு நிமிஷ நடை, ஒரு தட்டு வீடுதான், கட்டி பத்து வருஷம். மத்தியானம் தாண்டினா குசினிக்குள்ள ஒரு நாத்தம் வரும் பாருங்கோ, அழுகின முட்டையும் கான் தண்ணியும் கலந்த மாதிரி. காலமையில பெரிசா இல்ல. கச்சான், அந்த மேற்குக் காத்து, பிடிச்சா வருது, காத்து விழுந்தா குறையுது. காத்தோட புழுதி வாறதால யன்னல் எல்லாம் சாத்தி வச்சிட்டு குசினி எக்ஸோஸ்ட் ஃபேனைப் போட்டு விடுறன், அப்பிடியும் போகுதில்ல, சில நேரம் ஃபேன் போட்டாக் கூடுற மாதிரியும் கிடக்கு, அது என்ட மனப்பிரமையோ தெரியல்ல.

செய்து பாத்தது: சிங்குக்குள்ள பிளீச்சிங் பவுடர் போட்டன், அடுத்த நாள் கக்கூஸ் கழுவுற அசிட் ஒரு போத்தல் ஊத்தினன், தேசிக்காய்த் தோல், பூச்சி உருண்டை, ஊதுபத்தி எல்லாம் ஆச்சு. இப்ப வீடு ஊதுபத்தி கொளுத்தின கான் மாதிரி மணக்குது.

மாமி சொல்லுறா நான் சிங்குக்குள்ள மீன் கழுவுறதாலதானாம், சூடை மீன் கழுவின தண்ணிய அந்தக் காலத்தில வாழைக்கடியிலதானாம் ஊத்துறவ. ஒரு மேசன் பாஸ் வந்து பாத்தார், பாத்தார் எண்டா வாசல்ல நிண்டு மூக்கைச் சுளிச்சார், நிலத்துக்குள்ள பைப் வெடிச்சிருக்கும், குசினி டைல்ஸ் முழுக்க உடைச்சு புதுசா இறக்கோணும், ஒன்றரை லட்சம் எண்டுட்டுப் போய்ட்டார். ஆடி அமாவாசைக்கு ஆக்கள் வரப்போகினம், அதுக்குள்ள வீட்டை உடைச்சுப் போட ஏலாது.

வீட்டில ரெண்டு பாத்ரூம். ஒண்டு நாங்க பாவிக்கிறது, மற்றது இவற்ற தம்பிட ரூமோட சேந்தது, அவர் தை மாசம் கட்டார் போனதில இருந்து அந்த ரூம் பூட்டு, திறப்பு மாமிட்ட. அங்க ஒருத்தரும் போறேல்ல, அதால அதில பிரச்சினை இல்ல.

ஆராவது சொல்லுங்கோ, உடைக்கத்தான் வேணுமா?


ரெண்டாம் குறுக்கு
சனி, பகல் 11.52

அக்கா சிம்பிள், அரை கப் அப்பச்சோடா போட்டு மேல ஒரு கப் வினாகிரி ஊத்துங்கோ, நுரைச்சுப் பொங்கும், பத்து நிமிஷத்தில ஒரு கேத்தல் கொதிதண்ணி. இந்த மெதட் நான் வீடியோவில பாத்தது, சூப்பரா வேலை செய்யுது.


கிண்ணியா பைப்காரன்
சனி, பின்னேரம் 2.15

தம்பி, கொதிக்கக் கொதிக்க ஊத்தச் சொல்லாதீங்க. பிவிசி பைப் 60 டிகிரிக்கு மேல சூடு தாங்குற சாமான் இல்ல, இளகும், மூட்டு விடும், பிறகு உண்மையாவே டைல்ஸ் உடைக்க வேண்டி வரும். சோடா வினாகிரி கெடுதி இல்ல, லேசான ஊத்தைய இளக்கும், அவ்வளவுதான். நுரைக்கிறதப் பாக்க ஏதோ பெரிசா நடக்குற மாதிரி இருக்கும்.

தங்கச்சி, நீங்க ஒண்டையும் உடைக்க வேணாம். 20 வருஷத்துக்கு மேல இந்த வேலையில இருக்கன், டைல்ஸ உடைச்சு, மண்ணைத் தோண்டி, பைப் பளிங்கு மாதிரி கிடக்க, வீட்டுக்காரரும் பாஸும் ஆளை ஆள் பாத்துக்கிட்டு நிண்ட வீடுகள் எத்தனையோ. வாசல்ல நிண்டு ஒன்றரை லட்சம் சொன்ன ஆள் சிங்குக்குக் கீழ குனிஞ்சாவது பாத்தாரா? முதல்ல நாத்தம் எந்த ஓட்டையால வருது எண்டு பிடிக்கணும். ஊத்துறது, உடைக்கிறது எல்லாம் அதுக்குப் பிறகு.

ஒவ்வொரு ஓட்டைக்கும் கீழ ஒரு ட்ராப் இருக்கும். சிங்குக்கும் பேசினுக்கும் கீழ வளைஞ்சோ போத்தல் மாதிரியோ நிக்கிறது அது. கொமட்டுல நீங்க பாக்குற தண்ணியே அதுதான். அதுக்குள்ள எப்பவும் ரெண்டு இஞ்சி மட்டுல தண்ணி நிக்கணும், அந்தத் தண்ணிதான் கக்கூஸ் குழியில இருந்து வாற காஸை வீட்டுக்குள்ள வர விடாம மறிக்கிறது. வேற ஒரு மிஷினும் இல்ல, ரெண்டு இஞ்சி தண்ணி. அது காஞ்சாலும் இழுபட்டுப் போனாலும் குழிக்கும் குசினிக்கும் நடுவுல ஒண்டும் இல்ல.

நிலத்துல இருக்குற ட்ராப் இன்னும் மோசம். சல்லடை மூடியைக் கழட்டினா உள்ளுக்கு கோப்பையைக் கவுத்துப் போட்ட மாதிரி ஒண்டு இருக்கும். அதுக்குள்ள தண்ணி ஒரு இஞ்சி நிண்டாலே பெரிய விஷயம். அந்தக் கோப்பை இருந்தா தண்ணி மெதுவாப் போகுதெண்டு கழுவுற ஆக்கள் கழட்டி எறிஞ்சிடுவாங்க, நான் மதில் மேல, பூச்சாடிக்குள்ள எல்லாம் கண்டு எடுத்துப் போட்டிருக்கன்.

இப்ப உங்கட கதைக்கு வாறன். நீங்க எழுதினதுலயே விடை கிடக்கு எண்டு நினைக்கிறன். தை மாசத்துல இருந்து பூட்டின பாத்ரூம். ஆறு மாசம். அதுல ரெண்டு மூண்டு மாசம் கச்சான். அந்த ட்ராப்புல தண்ணி இருக்குமா? ஒருத்தரும் போறேல்ல அதால பிரச்சினை இல்ல எண்டீங்க, ஒருத்தரும் போகாததுதான் பிரச்சினை.

மற்றது ஃபேன். யன்னல் எல்லாம் சாத்திட்டு எக்ஸோஸ்ட் போட்டா அது வெளிய தள்ளுற காத்துக்குப் பதிலா எங்கேயாவது இருந்து காத்து உள்ளுக்கு வரணும். கதவு இடுக்கால வரும், காஞ்ச ட்ராப் இருந்தா அதாலயும் வரும். ஃபேன் போட்டாக் கூடுது எண்டது பிரமை இல்ல தங்கச்சி, நீங்களே குழிக் காத்தை இழுத்து குசினிக்குள்ள எடுக்குறீங்க.

ஆனா நான் இங்க இருந்து சொல்லுறது ஊகம். நீங்க இப்பிடிச் செய்ங்க. ஒரு கிளாசுல பைப் தண்ணி பிடிச்சு முத்தத்துக்குக் கொண்டு போய் மணந்து பாருங்க, அங்கயும் நாறினா தண்ணிதான் பிழை, கிணத்துப் பக்கம் பாக்கணும். நாறாட்டி, இரவைக்கு எல்லாரும் படுத்த பிறகு ஒவ்வொரு ஓட்டையையும் ஷொப்பிங் பேக்கால மூடி சுத்திவர டேப் ஒட்டுங்க, சிங்க், பேசின், நிலத்து ஓட்டை, வோஷிங் மிஷின் பைப் போற இடம் எல்லாம். காலமை ஒவ்வொண்டா ஒரு மூலையைக் கிளப்பி மணந்து பாருங்க. ஒண்டுக்கும் மற்றதுக்கும் இடையில வெளிய போய் நல்ல காத்து பிடிச்சிட்டு வாங்க, இல்லாட்டி மூக்கு பழகிடும். பேக் ஒண்டு பொம்மிக்கொண்டு நிண்டா அதுவும் ஒரு சேதி. பூட்டின ரூமை விட்டுடாதீங்க.


பாலையூற்று அக்கா
சனி, பின்னேரம் 4.40

தங்கச்சி, பைப் கதைய அவர் சொல்லுவார், நான் வேற ஒண்டு சொல்ல வந்தனான். பிளீச்சிங் பவுடர் போட்ட ஓட்டைக்குள்ள அசிட் ஊத்தினனீங்கள் எண்டு வாசிச்ச உடன எனக்கு நெஞ்சு பதறிட்டுது. அடுத்த நாள் ஊத்தினபடியா தப்பினீங்கள். ரெண்டும் சேந்தா குளோரின் காஸ் வரும். நான் ஒருக்கா தெரியாத்தனமா பாத்ரூம் நிலத்துக்கு பவுடர் தூவிப்போட்டு ஊறட்டும் எண்டு விட்டிட்டு அதுக்கு மேலயே அசிட்டை ஊத்தினன், கதவும் சாத்தி. ஒரு நிமிஷம் ஆகேல்ல, தொண்டைய ஆரோ சீலையால இறுக்கின மாதிரி, கண் திறக்க ஏலாது, இருமி இருமி வெளியில வந்து விழுந்தன். ரெண்டு நாள் பெரியாஸ்பத்திரியில. வாட்டில பக்கத்துக் கட்டில்காரி கேட்டா என்ன வருத்தம் எண்டு, கக்கூஸ் கழுவினனான் எண்டு சொல்ல எவ்வளவு கூச்சம் தெரியுமே.

ஒரு சாமான் போட்டா ஒரு சாமான்தான். மற்றது போட வேணுமெண்டா நல்லா தண்ணி விட்டுக் கழுவி ஒரு நாள் விடோணும். பவுடரையும் அசிட்டையும் கிழமைக்கிழமை குழிக்குள்ள அனுப்பினா குழிக்குள்ள ஊத்தையைக் கரைக்கிற கிருமியும் செத்துப் போகும், பிறகு குழி சும்மா தொட்டிதான்.


உப்புவெளி மருமகள்
ஞாயிறு, காலை 9.05

கடவுளே, எனக்கு அது தெரியாது அக்கா. மிச்ச போத்தலை எடுத்து மேல வச்சிட்டன்.

பைப்கார அண்ணா, இரவு ஏழு ஷொப்பிங் பேக் ஒட்டினன், இவர் பாத்திட்டு வீட்டுக்கே மூக்குப் பொத்தி விட்டிருக்கிறாய் எண்டு சிரிக்கிறார். மாமிட்ட திறப்பு வாங்கிறதுதான் பெரிய பாடு, அவன்ட சாமானை ஏன் கிளறுறாய் எண்டா, நாத்தம் அங்க இருந்து வந்தாலும் வரலாம் எண்டன், என்ட பிள்ளைட ரூம் நாறாது எண்டு கோவம். கடைசியில தானே வந்து திறந்தா. திறந்ததும் ரெண்டு பேரும் ஒரு வார்த்தை கதைக்காம யன்னலுக்கு ஓடினம்.

நிலத்து மூடியைக் கழட்டினா உள்ளுக்கு சொட்டுத் தண்ணி இல்ல, சவர்க்காரம் காஞ்சு வெள்ளைப் பொருக்கு, ஒரு செத்த கரப்பான், நீங்க சொன்ன கோப்பை சரிஞ்சு கிடக்கு. அந்த பாத்ரூம்ட ஃபேன்லைட், மேல இருக்கிற சின்ன யன்னல், மேற்குப் பக்கம், திறந்தபடி. கச்சான் நேர அதால புகுந்து நாத்தத்தை வாரிக்கொண்டு கதவுக்குக் கீழால குசினிக்கு வந்திருக்கு. கொமட்டிலயும் தண்ணி நல்லா இறங்கிப் போய் அடியிலதான் கிடந்தது.

கோப்பையை நேராக்கி ரெண்டு வாளி தண்ணி ஊத்தினன், கொமட்டுக்கு ஒரு வாளி, பேசின் பைப்பையும் திறந்து விட்டன். குசினி யன்னலைத் திறந்து வச்சுத்தான் ஃபேன் போட்டன். ஒரு மணித்தியாலத்தில முக்கால்வாசி போய்ட்டுது! மூண்டு கிழமையும் ஒன்றரை லட்சமும் மூண்டு வாளி தண்ணியில.

ஆனா முழுக்கப் போகேல்ல. எங்கட பாத்ரூமில ஃபிளஷ் பண்ணினா குசினி சிங்க் குளுக் குளுக் எண்டு கத்துது, கத்தி முடிய லேசா ஒரு மணம். முந்தியும் கத்துறது, நான் கவனிக்கேல்ல. அதோட சிங்க்குக் கீழ உள்ள பேக் காலமை மணந்தா வேற மாதிரி, மீன் வெடுக்கு. மாமிட்ட இன்னும் சொல்லேல்ல.


கிண்ணியா பைப்காரன்
ஞாயிறு, பகல் 12.30

அல்ஹம்துலில்லாஹ், முதல் ஆள் பிடிபட்டான். வெள்ளைப் பொருக்கை பிரஷ் போட்டுக் கழுவுங்க. அந்த ட்ராப்புகளுக்கு கிழமைக்கு ஒருக்கா ஒரு வாளி தண்ணி. போக ஏலாட்டி தண்ணி நிரப்பின பிறகு மேல நாலு கரண்டி பேபி ஒயில் விடுங்க, எண்ணெய் படை மூடினா தண்ணி கெதியா காயாது. தேங்காயெண்ணெய் வேணாம், நாள் போனா காறல் மணம் வரும், பிறகு அதுக்கு ஒரு கேள்வி போடுவீங்க.

குளுக் குளுக் வேற கதை. ஃபிளஷ் பண்ண ஒரு வாளி தண்ணி பைப்புக்குள்ள பாயுது, பின்னால காத்து வேணும், அந்தக் காத்தைக் குடுக்கத்தான் கூரைக்கு மேல வென்ட் பைப் எண்டு ஒண்டு போறது. வென்ட் அடைச்சிருந்தா தண்ணி கிட்ட இருக்குற ட்ராப்பால காத்தை இழுக்கும், இழுக்கேக்குள்ள ட்ராப் தண்ணியும் சேந்து போகும். அந்தச் சத்தம் உங்கட சிங்க் ட்ராப் தண்ணி இழுபடுற சத்தம். அவரைக் கூரையில ஏறச் சொல்லுங்க, வெயில் ஏற முந்தி. நுளம்பு வலை கட்டியிருப்பாங்க, அதுல தூசியும் சிலந்தியும் குளவிக் கூடும் சேந்து அடைச்சுப் போயிருக்கும், நூறுக்குத் தொண்ணூறு இதுதான்.

கக்கூஸ் ஃபிளஷ் பண்ண குசினி கத்துது எண்டா ரெண்டு லைனையும் ஒண்டாக் குடுத்திருக்காங்க. செய்யக் கூடாத வேலை, குசினித் தண்ணி வேற போகணும், எண்ணெய் எல்லாம் குழிக்குள்ள போய் மேல படையா நிக்கும். இப்போதைக்கு விடுங்க, பிறகொரு நாளைக்கு வளவுப் பக்கத்தால பிரிச்சு விடலாம், அதுக்கும் டைல்ஸ் உடைக்கத் தேவையில்ல.

வெடுக்குக்கு, சிங்க் கீழ ஒரு வாளிய வச்சிட்டு போத்தல் ட்ராப்பின்ட அடிக் கோப்பையைக் கையால திருகிக் கழட்டுங்க. கையுறை போடுங்க. கண்ணை மூடிக்கொண்டாலும் பரவாயில்ல. அப்பிடியே சிங்க்ல இருந்து வாற நெளிவு ஹோஸ், நிலத்துல நிக்கிற பைப்புக்குள்ள சும்மா சொருகியிருக்கா, சுத்திவர இடைவெளி இருக்கா எண்டும் பாருங்க. நம்மட ஊர்ல பத்துக்கு ஏழு வீட்டுல ரெண்டு இஞ்சி பைப்புக்குள்ள ஒண்டேகால் இஞ்சி ஹோஸ் தொங்கும். ட்ராப் என்ன நல்லா இருந்தாலும் அந்த இடைவெளியால நேர வரும் காத்து.


உவர்மலை பழையவன்
ஞாயிறு, இரவு 8.10

பைப்கார நானா சொன்னது எல்லாம் சரி, ஒரு ஒட்டு மட்டும் நான் போடுறன், மாரி காலத்தில வாசிக்கிற ஆக்களுக்கு. இதே நாத்தம் கார்த்திகை மார்கழியில வந்தா தண்ணி காஞ்ச கதை இல்ல. உப்புவெளி நிலாவெளிப் பக்கம் மணல், கோடையில குழித் தண்ணி சல்லெண்டு உறிஞ்சும், மழை விழுந்து நிலத்தடித் தண்ணி ஏறினா சோக்கேஜ் பிட்டுக்கு, அதுதான் தண்ணியை மண்ணுக்குள்ள விடுற உறிஞ்சு குழிக்கு, போக இடமில்லாம திரும்பி வரும். எங்கட உவர்மலைப் பக்கம் எதிர்மாறு, கல்லு, எந்தக் காலத்திலயும் மெதுவாத்தான் உறிஞ்சும். ஃபிளஷ் மெதுவாப் போறது, குழிக்கு மேல புல்லு மட்டும் பச்சையா நிக்கிறது, மழையோட நாத்தம் கூடுறது, இதுகள் வந்தா குழி நிறைஞ்சிருக்கு, கலி பவுசர், குழியை உறிஞ்சிற வண்டி, வந்துதான் எடுக்கோணும். மூண்டு தொடக்கம் ஐஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா எடுக்கிறது நல்லது, நாங்க நிறைஞ்சு முத்தத்தில வந்தாத்தான் எடுப்பம். பத்து வருஷ வீடு எண்டு எழுதியிருக்கிறியள் பிள்ளை, ஒருக்காவாவது எடுத்தனீங்களே?

பவுசருக்குச் சொல்லிப்போட்டு அது வருமட்டும் ரோட்டுக் கானுக்கு ஒரு பைப்பை இரவோட இரவா விடுற ஆக்களும் இருக்கினம். எங்கட ஒழுங்கையில ஒருத்தர் விட்டார், ஆர் எண்டு எல்லாருக்கும் தெரியும், முழு ஒழுங்கையும் நாறினது, கடைசியில பிஎச்ஐ, சுகாதாரப் பரிசோதகர், வந்துதான் நிண்டது.

குழி மூடியைத் திறந்து எட்டிப் பாக்கிறது, லைட்டரால வெளிச்சம் பிடிக்கிறது, இறங்கிறது, ஒண்டும் கூடாது. உள்ளுக்கு மெதேன் இருக்கு, பத்தும். அழுகின முட்டை மணக்கிற ஹைதரசன் சல்ஃபைட் கொஞ்சமா இருக்கேக்க நல்லா மணக்கும், கூடினா மூக்கு மரத்துப்போய் மணமே தெரியாது, மணம் போய்ட்டுது எண்டு நினைச்சு இறங்கிற ஆள் அப்பிடியே விழுவார், அவரைத் தூக்க இறங்கிறவரும் விழுவார். பேப்பர்ல எத்தினை வாசிச்சிட்டம்.


ரெண்டாம் குறுக்கு
ஞாயிறு, இரவு 8.31

கொதிதண்ணி விஷயம் நான் வாபஸ். ஆனா மீன் வெடுக்கு எண்டா ஒண்டு கேக்கோணும், கரண்ட் பிளக் எதாவது சூடாகுதா அக்கா? எங்கட வீட்டில ரெண்டு நாள் மீன் மணம் எண்டு குப்பை வாளியக் கழுவினம், கடைசியில ஃபிரிஜ் பிளக் உருகி, அந்தப் பிளாஸ்டிக்தான் மீன் மாதிரி மணத்தது.


உப்புவெளி மருமகள்
செவ்வாய், இரவு 7.45

தம்பி பிளக் எல்லாம் தொட்டுப் பாத்தன், சூடு இல்ல, நல்ல வேளை ஞாபகப்படுத்தினீங்க.

இப்ப மிச்சக் கதை. இவர் நேற்று விடிய ஆறு மணிக்கு ஏணி வச்சு ஏறினார். வென்ட் பைப் வாயில வலை இல்ல, ஆரோ ஒரு பழைய சாறன் துண்டைக் கட்டியிருக்கினம்! பெயின்ட் அடிக்க வந்த ஆக்கள் தூசி விழாம கட்டினதா இருக்கும், அது பெயின்டும் தூசியும் சேந்து தகரம் மாதிரி இறுகிப் போச்சு, அதுக்கு மேல குளவிக் கூடு வேற. வெட்டி எடுத்திட்டு கொஞ்சம் பெரிய கண் வலையாப் போட்டு விட்டார். இறங்கி வந்து ஃபிளஷ் பண்ணிப் பாத்தம், நான் சிங்குக்குள்ள காதை வச்சுக்கொண்டு நிக்கிறன், சத்தம் இல்ல. ரெண்டாம் தரமும் இல்ல.

போத்தல் ட்ராப்பை நான்தான் கழட்டினன். அண்ணா நீங்க கண்ணை மூடச் சொன்னது சரிதான். கறுப்பா களி மாதிரி, அதுக்குள்ள மீன் செதில் மினுங்கிக்கொண்டு, இறால் மீசை, ஒரு தேக்கரண்டி, மூண்டு வருஷமாக் காணாத என்ட தோட்டுச் சுரை. எண்ணெயும் அரிசி கழுவின தண்ணியும் சேந்து அப்பிடி ஆகுமாம் எண்டு இவர் சொல்லுறார், அவருக்கு எப்ப இருந்து இதெல்லாம் தெரியும் எண்டு தெரியல்ல. சவர்க்காரத் தண்ணியும் பழைய பல்லு பிரஷும் போட்டுக் கழுவி, சிங்குக்குப் போட ஒரு சின்னச் சல்லடையும் வாங்கினன்.

ஹோஸ் நீங்க சொன்ன மாதிரியே தொங்கிக்கொண்டுதான் நிண்டது, சுத்திவர விரல் போகுது. ஹாட்வெயார் கடையில அளவான ரப்பர் இல்ல, இவர் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி ஹோஸில நாலு சுத்துச் சுத்தி இறுக்கிச் சொருகிவிட்டார், மேல கொஞ்சம் சிலிக்கன். பாக்க வடிவில்ல, ஆனா மணம் இல்ல.

பழையவர் ஐயா, பத்து வருஷத்தில ஒருக்காவும் எடுக்கேல்ல. இண்டைக்கு பவுசருக்குப் பதிஞ்சிட்டம், மழைக்கு முந்தி எடுத்து முடிக்கோணும். பாஸுக்கு போன் எடுத்து வேண்டாம் எண்டு சொன்னன், பிறகு கூப்பிடுவீங்கள் எண்டார்.

மாமி செதிலைக் கண்டிட்டா. இனி மீன் கழுவுறது வாழைக்கடியில. தம்பிட பாத்ரூமுக்கு வெள்ளிக்கு வெள்ளி விளக்கேத்திப்போட்டு தானே போய் தண்ணி ஊத்துறாவாம், திறப்பு இன்னும் அவட்டத்தான்.